மூன்றாவது சேனல்

"மூணாவது சேனலுக்கா பத்து மார்க்? யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா?"

"யோசிச்சுத்தான் சார் சொல்றேன்."

நடுவர் குழுத் தலைவருக்குத் தலை சுற்றியது. பல வருடங்கள் குதிரைப் பந்தய வர்ணனை செய்து ஓய்வு பெற்றவர் அவர். இந்த வருடத்தின் பெரிய பந்தயத்தை மூன்று சேனல்கள் நேரடியாக ஒளிபரப்பியிருந்தன. அதில் சிறந்த ஒன்றுக்கு விருது. ஜன்னல்களை மூடிவிட்டுக் காலையிலிருந்து மூன்றையும் பார்த்து முடித்திருந்தார்கள். அவருக்கு வலப்பக்கம் ஒரு சினிமா எடிட்டர். இடப்பக்கம், நேயர்கள் சார்பில் குலுக்கலில் தேர்வாகி வந்த தையற்கடை அம்மா. குழப்பம் இடப்பக்கத்திலிருந்துதான் வந்தது.

"அதுல பந்தய முடிவையே காட்டலையேம்மா! கடைசி வளைவுல அந்தக் குதிரை இடறி விழுந்ததும் கேமராவை மேல தூக்கிட்டான். ஜெயிச்சது யாருன்னு காதாலதான் கேட்டோம். கண்ணுக்குக் கிடைச்சது வெறும் மரமும் வானமும்!"

"ஆமா சார். பார்த்தேன்."

எடிட்டர் பொறுமையிழந்தார். "முதல் சேனல்காரன் எப்படி எடுத்திருந்தான்! ஜாக்கி தூக்கி எறியப்படுறது, பின்னால வந்த குதிரைங்க மேல ஏறுறது, ஒண்ணு விடலை. ஸ்லோ மோஷன் வேற. பையன் அங்கேயே போயிட்டான், பாவம்தான். ஆனா ஷாட்டுன்னா அது ஷாட்டு! நானே எத்தனை தடவை திரும்பத் திரும்பப் போட்டேன். அதுக்குப் போய் சைபர்ங்கிறீங்க!"

திரும்பப் போட்டபோதெல்லாம் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தபடி இருந்தது தலைவருக்கு நினைவு வந்தது.

"கண்ணாடியில ஏதும் கோளாறாம்மா? வேணும்னா இன்னொரு தடவை போடச் சொல்றேன்."

"வேண்டாம் சார்!" பதில் சட்டென்று வந்து விழுந்தது. "நல்லாவே தெரிஞ்சுது."

தலைவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண் தெரிகிறது, பேச்சும் தெளிவாக இருக்கிறது. கணக்கு மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது?

"அந்த கேமராமேனை மறுநாளே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க, தெரியுமா? அவங்க சேனலே வேண்டாம்னு ஒதுக்கின ஆளு அவன்" என்றார் எடிட்டர்.

"தெரியும் சார். விருது கிடைச்சா திரும்பக் கூப்பிடுவாங்க இல்லையா?"

எடிட்டர் தலைவரின் காதருகே குனிந்தார். "இப்பப் புரியுதா சார்? தம்பியோ மாப்பிள்ளையோ, அந்த கேமராமேன் இவங்க வீட்டு ஆளு. குலுக்கல்ல வந்த மாதிரி வந்து காரியத்தைச் சாதிக்கப் பார்க்கிறாங்க."

அப்படித்தான் இருக்கும் என்று தலைவருக்கும் பட்டது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் பித்தலாட்டக்காரியாகத் தெரியவில்லை. நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"மறைக்காம சொல்லுங்கம்மா. அந்த கேமராமேன் உங்களுக்குச் சொந்தமா?"

"முகம்கூடத் தெரியாது சார்."

"அப்புறம் எதுக்கு அவருக்காக இப்படி நிக்கறீங்க?"

அணைந்திருந்த திரையைப் பார்த்தபடியே அந்த அம்மா சொன்னார்.

"அன்னிக்கு வீட்ல அந்தச் சேனலைத்தான் சார் வச்சிருந்தேன். என் மகன் மேல குதிரைங்க ஏறினதை எனக்குக் காட்டாம விட்டவர் அவர் ஒருத்தர்தான். அதை இன்னிக்கு, நீங்க போடப் போடத்தான், முதல் தடவையா பார்க்கிறேன்."