மாமனார் துணை

“ஐஸ் மேல தண்ணி நிக்குது மாப்ளே. இன்னிக்கு வேணாம்.”

கர்ட்டிஸ் நிமிரவில்லை. ஏரிக்கரை பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, ஸ்கேட்டிங் ஷூவின் நாடாவை முடிந்துகொண்டிருந்தான்.

“இவ்வளவு தூரம் வந்துட்டோம்ல மாமா. ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்.”

“நான் என்ன சொல்றேன், நீங்க என்ன பேசறீங்க? அதோ பாருங்க, மரக்கிளை நட்டு வெச்சிருக்கான். அதைத் தாண்டினா ஐஸ் மெலிசு. போன வாரம்தான் உள்ள விழுந்த ஒருத்தனைத் தூக்கி வெளியே போட்டாங்க.”

“அப்படியா?” என்றான் கர்ட்டிஸ், யாருக்கு வந்த விருந்தோ என்பதுபோல.

மாமனார் ஃபோல்கர்ட்டுக்கு அந்த ‘அப்படியா’தான் பிடிக்கவே இல்லை.

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் அவர்கள் ஊர்க் கால்வாய்கள் இந்த வருஷமும் உறையவில்லை. அதனால் பாதி ஊர் இந்த ஆஸ்திரிய ஏரிக்கு வந்து சறுக்கிக்கொண்டிருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. இந்த அமெரிக்க மாப்பிள்ளையும் கிளம்பி வந்ததுதான் வம்பு.

வேலைக்கென்று அமெரிக்காவிலிருந்து வந்தவன், ஃபோல்கர்ட்டின் மூத்த மகள் ஹிஸ்காவைக் கட்டிக்கொண்டு ஃப்ரீஸ்லாந்திலேயே தங்கிவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் காட்டிய வீரமெல்லாம் சோபாவில் கால் நீட்டிப் படுத்து டிவியில் பேஸ்பால் பார்த்ததுதான். போன வசந்தத்தில் ஹிஸ்காவை நோய் கொண்டுபோனது. அப்புறம் ஆளே மாறிவிட்டான். பிரான்ஸில் மலை உச்சியிலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதித்தான். இத்தாலியில் செங்குத்தான மலைப்பாதையில் தலைதெறிக்க சைக்கிள் விட்டான். போர்ச்சுகலில் உள்ளூர்க்காரர்களே யோசிக்கும் அலையில் பலகையோடு இறங்கினான்.

போன இடமெல்லாம் ஃபோல்கர்ட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். எழுபத்தாறு வயதில் மலையடிவாரத்தில் நின்று, மாப்பிள்ளை முழுசாக இறங்குவானா என்று அண்ணாந்து பார்ப்பது எவ்வளவு பெரிய கொடுமை, சொல்லுங்கள். மகளைப் பறிகொடுத்தாயிற்று, இவனையும் பறிகொடுக்க முடியாது. அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

“பேசாம உங்க ஊர் ஓஹையோவுக்கே போயிடுங்களேன் மாப்ளே. உங்க அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களாமே.”

“அங்க போய் என்ன பண்றது மாமா?”

“இங்க மட்டும் என்ன பண்றீங்க? சாகறதுக்கு ஊர் ஊரா இடம் பார்த்துக்கிட்டு இருக்கீங்க.”

சொல்லக் கூடாது என்று இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது. பக்கத்து பெஞ்சுத் தம்பதி மெல்ல எழுந்து நகர்ந்தார்கள்.

“அப்படித்தானே? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.”

கர்ட்டிஸ் பார்த்தான். “தெரியலை மாமா,” என்றான்.

அவ்வளவுதான். எழுந்து ஏரியில் இறங்கிவிட்டான். தடுமாறித் தடுமாறி அந்த மரக்கிளைகளைப் பார்த்தே போனான். மூடுபனியில் அவன் முதுகு மங்கிக்கொண்டு வந்தது.

ஃபோல்கர்ட் அவசர அவசரமாகத் தன் ஷூவை மாட்டினார். ஐஸ் உடைந்து உள்ளே விழுந்தால் குத்திப் பிடித்து ஏற உதவும் கூர்முனைக் கட்டைகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கயிற்றைத் தோளில் மாட்டினார். முட்டிவலி போன இடம் தெரியவில்லை. விரட்டிக்கொண்டு போய், கிளைகளுக்குச் சற்று முன்னால் மாப்பிள்ளையின் கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

“ஒருத்தியைப் புதைச்ச கையால உன்னையும் புதைக்கச் சொல்றியா? என்கிட்ட அதுக்குத் தெம்பு இல்லடா. கொஞ்சமாவது இரக்கம் வேணாமா உனக்கு?”

கர்ட்டிஸின் முழங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. துக்கம் மனுஷனை இப்படியா ஆட்டி வைக்கும் என்று நினைத்துக்கொண்டார் ஃபோல்கர்ட். கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார்.

கரையோரக் கடையில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பெரியவர் திட்டிக்கொண்டே குடித்தார். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு திட்டினார். கிண்ணம் காலியானதும் இன்னொன்று வாங்கி வந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

“அடுத்தது எங்க? மறைக்காம சொல்லு.”

“மார்ச்ல நார்வே. பனிமலை ஏறலாம்னு...”

“ஏறிக் கிழிச்ச. நான் இல்லாம வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, ஆமா. முட்டிக்கு டாக்டரைப் பார்த்துட்டு நானும் வர்றேன். அதுவரைக்கும் அந்த சோபாவிலேயே கிட.”

“சரி மாமா.”

“சரி மாமாவாம். எல்லாத்துக்கும் ஒரு சரி மாமா.”

முணுமுணுத்துக்கொண்டே அவர் காபி வாங்க வரிசையில் போய் நின்றார். கர்ட்டிஸ் போனை எடுத்து, ஊரில் இருக்கும் ஹிஸ்காவின் தங்கை ரென்ஸ்காவைக் கூப்பிட்டான்.

“அப்பா எப்படி இருக்கார் அத்தான்?”

“ரெண்டு கிண்ணம் சூப் குடிச்சார் ரென்ஸ்கா. முட்டிக்கு டாக்டரைப் பார்க்கறேன்னு அவரே சொல்றார்.”



“உங்களுக்கு ஐஸைப் பார்த்தாலே பயத்துல கால் நடுங்கும்,” என்றாள் ரென்ஸ்கா. “ஒவ்வொரு தடவையும் உங்களை இப்படி... போதும் அத்தான். நிறுத்திக்கங்க.”

“எப்படி நிறுத்தறது? ‘பெரியவளே போயிட்டா, இனி நான் யாருக்கு’ன்னு சோத்துத் தட்டைத் தள்ளிட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்த மனுஷன். நான் உயிரோடதான் இருக்க ஆசைப்படறேன்னு தெரிஞ்சா, அன்னிக்கே மறுபடியும் படுத்துடுவார்.”