மதுரனின் முழங்கால்

“பெஞ்சில குந்தியிருந்தவனுக்கு எப்பிடி மகன் முழங்கால் போகும்?”

கேட்டுவிட்டு, சீதேவிப்பிள்ளை மாமி தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள்.

கதிரையில் வலக்காலை நீட்டி வைத்திருந்த மதுரனுக்கு வியர்த்துவிட்டது. முழங்காலைச் சுற்றித் தடிப்பாக ஒரு துணிக்கட்டு. கொழும்பில் ஒரு கொம்பனியின் கூடைப்பந்து அணிக்குச் சம்பளத்துக்கு விளையாடப் போனவன் அவன். பெரியகல்லாற்றில் அதைப் பற்றிக் கதைக்காத வீடில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் நொண்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தான்.

“மெச் எல்லாம் போனில பாத்தம். உன்ன ஒருக்காவும் இறக்கல்லயே?” மாமி விடுவதாக இல்லை.

“பயிற்சியில விழுந்தவன்கா!” குசினியிலிருந்து அம்மா வதனி பாய்ந்து வந்தாள். “உள்ளுக்குள்ள சவ்வு கிழிஞ்சிட்டாம். ஸ்கேன்ல வடிவாத் தெரியுதாம். ராவெல்லாம் புள்ள முனகுறான்.”

மதுரன் திடுக்கிட்டான். ஸ்கேன் என்று அவன் சொல்லவேயில்லை. முனகியதும் இல்லை. அம்மா அவ்வளவு நம்பிவிட்டாள், கூட்டிக் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஏனென்றால், காலில் ஒன்றுமேயில்லை.

கோச் நௌஷாட் சேர் அவனை ஊருக்கு அனுப்பியது இடக்கைக்காக. “வலக்கையால மட்டும் பந்தைக் கொண்டு போறவன ரெண்டு நிமிஷத்தில மறிச்சிருவாங்க தம்பி. ஊருக்குப் போய் இடக்கையப் பழக்கு. இடம் வந்தா மாசக் கடைசிக்குள்ள கூப்பிடுவன். கூப்பிடாட்டி வேற வேலை பாரு” என்றிருந்தார்.

சந்தியில் பேனர் கட்டி, வெடி கொளுத்தி அனுப்பிய சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது? மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்மசியில் கட்டுத்துணி வாங்கி, முழங்காலில் சுற்றிக்கொண்டுதான் ஊர்ப் பக்கம் போகும் கல்முனை பஸ்ஸில் ஏறினான்.

இன்று மாதக் கடைசி.

இந்த ஒரு மாதமும் அவன் சும்மா இருக்கவில்லை. அம்மா இறால் வாங்கி விற்க வெள்ளன வாவிக்கரைக்குப் போனதும், கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடுவான். ஆள் நடமாட்டம் தொடங்குமுன் திரும்பி வந்து மறுபடி கட்டிக்கொள்வான். பல் விளக்குவதுகூட இடக்கையால்தான். முதல் கிழமை பந்து அவன் சொல் கேட்கவேயில்லை. இப்போது பந்தைப் பார்க்காமலே இடக்கையால் தட்டிக்கொண்டு போய், பத்துக்கு ஒன்பது போடுகிறான். நௌஷாட் சேர் ஒரு தடவை பார்த்தால் போதும். ஆனால் அவர் கூப்பிட வேண்டுமே!

போன் அடித்தது. மதுரனின் முகம் வெளிறிப்போயிற்று. எடுத்துப் பார்த்தான். ஏதோ விளம்பர அழைப்பு.

“போன் அடிச்சா ஏன் மகன் பேயக் கண்ட மாதிரி ஆகிறாய்?” அம்மா அவன் முகத்தையே பார்த்தாள்.

“ஒண்டுமில்லம்மா.”

“இஞ்ச தா, சார்ஜ் முடியப் போகுது. நான் போட்டு வைக்கிறன். நீ போய்க் குளிச்சிட்டு வா, வேர்த்து ஊத்துது.”

ஐந்து நிமிடம்தானே என்று எழும்பினான். ஆனால் மாமியின் கண் முதுகிலேயே இருந்தது. கிணற்றடி வரைக்கும் நொண்டி நொண்டித்தான் போகவேண்டியிருந்தது. நாலு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு, திரும்பவும் நொண்டியே வந்தான்.

மாமி போய்விட்டிருந்தாள். அம்மா வாசல் கதவைச் சாத்தினாள்.

“இனி வீட்டுக்குள்ள நொண்டத் தேவையில்ல மகன்.”

“என்னம்மா சொல்றீங்க?”

“உன்ட காலில ஒண்டுமில்ல எண்டு நீ வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும். கட்டு வலக்காலில. நீ நொண்டினது இடக்கால்.”

மதுரன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். ஸ்கேன், சவ்வு, முனகல் எல்லாம் அவனுக்காக அம்மா தெரிந்தே சொன்ன பொய்! ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அழுகையாக வந்தது. பக்கத்தில் வந்து குந்திய அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக் குலுங்கினான்.

“அழாத மகன். அங்க என்ன பாடு படுத்தினாங்களோ, பயந்துதானே ஓடி வந்தாய்? போன் அடிச்சாலே நடுங்கிறாய். நான் பாத்துக்கொண்டுதானே இரிக்கன்.” துவாயால் அவன் தலையைத் துவட்டிவிட்டாள். “இனி ஒருத்தரும் உன்னக் கரைச்சல்படுத்த மாட்டாங்க. நீ குளிக்கக்குள்ள அந்த நௌஷாட் சேர்தான் போன் எடுத்தார். இடம் ஒண்டு வந்திரிக்காம், நாளைக்கே வந்து நிக்கட்டாம். நான் விடுவனா? ஆறு மாசத்துக்குக் கால் நிலத்தில வைக்கேலா எண்டு டொக்டர் சொன்னதாச் சொல்லித்தன். சரி, அப்ப மற்றப் பொடியனையே எடுக்கிறன் எண்டு போன வச்சிட்டார்.”