டிரைவருக்கு நேர் பின்னால்

“சரிங்க, திரும்பிடறேன்” என்றார் டிரைவர். வண்டியில் அவரையும் அவளையும் தவிர ஈ காக்கை கிடையாது.

பின் சீட்டில் இருந்தவளுக்குச் சுருக்கென்றது. மெல்ல எட்டிப் பார்த்தாள். டிரைவரின் ஒரு காதிலிருந்து ஒயர் தொங்கியது. அதன் மறுமுனை சட்டைப் பைக்குள் போயிருந்தது.

இந்தப் பெரிய ஊருக்கு அவளைத் தனியாக அனுப்பியதே வீட்டில் பெரிய பாடு. அண்ணன் துணைக்கு வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அண்ணன் வந்தால் மைக் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்கே பாடம் எடுப்பான். அக்காதான் சண்டை போட்டு அனுப்பி வைத்தாள். இந்த முறை எசகுபிசகாக ஏதாவது நடந்தால் போதும், ஆயுசுக்கும் அண்ணன்தான் வழித்துணை.

அதனால் அக்கா சொன்ன விதிகளில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. வண்டி நம்பரைப் படம் எடுத்து அனுப்பினாள். தன் பெயரைத் தானே சொல்லாமல் டிரைவரைச் சொல்ல வைத்தாள். கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று பார்த்தாள். டிரைவரின் கை எட்டாதபடி அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். அவள் போகும் வழியெல்லாம் அக்காவின் போனில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது.

இனி என்ன பயம் என்று வேலையில் மனதைத் திருப்பியிருந்தாள். குரல் கொடுப்பது அவள் தொழில். போன வருஷம் ஒரு கம்பெனிக்கு இருநூறு வரி பேசிக் கொடுத்தாள். பாக்கி நாற்பது வரியைப் பதினொரு மணிக்கு ஸ்டூடியோவில் பேச வேண்டும். வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். தாளை எடுத்து மடியில் வைத்து ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில்தான் டிரைவர் அந்தச் ‘சரிங்க’ போட்டார்.

வண்டி பெரிய சாலையை விட்டு ஒரு சந்துக்குள் நுழைந்தது. ஒரு டயர் கடை, ஒரு பள்ளிக்கூடச் சுவர், அப்புறம் இன்னொரு சந்து.

“அண்ணே, இதுதான் வழியா?” என்றாள், குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு.

“சொன்னபடிதாம்மா போறேன்” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

யார் சொன்னபடி? இவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது போல. பயம் வந்தால் சிலருக்குச் சாமி பெயர் வாயில் வரும். அவளுக்குப் பாடம்தான் வரும், பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படி. ஜன்னலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தபடி அந்த வரிகளைக் கடகடவென்று ஒப்பித்தாள்.

நாற்பது வரியும் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது அதே டயர் கடை மூன்றாவது முறையாக வந்தது. கடைக்காரர் இந்த முறை வேலையை நிறுத்திவிட்டு இவர்களை வேடிக்கை பார்த்தார்.

அக்காவிடமிருந்து செய்தி வந்தது. ‘ஏன்டி, புள்ளி செக்குமாடு மாதிரி சுத்துது? அண்ணன் செருப்பு மாட்டிட்டான்.’

அவ்வளவுதான். பயம் போய் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சந்து முடிந்த இடத்தில், நாற்சந்தியில், போக்குவரத்துப் போலீஸ்காரம்மா ஒருவர் நிற்பது தெரிந்தது.

“வண்டிய நிறுத்துங்க” என்று அவள் போட்ட அதட்டலில் டிரைவர் நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார்.

அவள் இறங்கி ஓடிப்போய், கடத்தல், கூட்டாளிகள், காதில் ஒயர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். போலீஸ்காரம்மா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு டிரைவரைக் கீழே வரச் சொல்லி ஏற இறங்கப் பார்த்தார். காதில் பேசுவது யார் என்று கேட்டார்.

டிரைவருக்கு வியர்த்துக் கொட்டியது. “மேப்பும்மா. எனக்குப் படம் பார்த்து ஓட்டத் தெரியாது. அந்தம்மா காதுல சொல்ற பக்கம் திரும்புவேன். நேத்து வரைக்கும் தங்கமாத்தான் சொல்லிச்சு. இன்னைக்கு என்ன ஆச்சோ, இடதுங்குது, வலதுங்குது, மூச்சுவிடாம சொல்லுது. நானும் எவ்வளவுதான் திரும்பறது? தலை சுத்துதும்மா.”

போலீஸ்காரம்மா கையை நீட்டி, அவர் பையிலிருந்த போனை எடுத்து ஒயரைப் பிடுங்கினார்.

‘முடிந்தவரை விரைவில் வண்டியைத் திருப்பவும்’ என்றது போன். கணீரென்ற, கனிவான பெண் குரல்.

அவளுக்கு முகம் வெளுத்தது. போன வருஷம் அவள் பேசிய இருநூறு வரிகளில் அது நூற்றுப் பதினேழாவது. அன்று அந்த ஒரு வரியை மட்டும் ஒன்பது தடவை பேச வைத்தார்கள்.

கையிலிருந்த தாளை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். போலீஸ்காரம்மா விடவில்லை, வாங்கிப் பிரித்துப் படித்தார். ‘அடுத்த சந்தில் இடது பக்கம் திரும்பவும். உடனே வலது பக்கம் திரும்பவும். மீண்டும் இடது பக்கம் திரும்பவும்.’

“இதை வண்டில வாய்விட்டுப் படிச்சீங்களா?”

“ஆமாங்க” என்றாள் அவள். அதே கணீர் குரல்.

டிரைவர் ஓரடி பின்னால் போனார். போலீஸ்காரம்மா போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

“அப்போ இவரைக் கடத்திட்டுப் போனது நீங்கதானா?”