வெளியில சொல்லாதேங்கோ

“அந்தப் புது போன் அடுத்ததா எந்த நெட்வேர்க் கொம்பனிக்குப் போகுது, அண்ணை?”

பிராங்பேர்ட்டில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில் எல்லாரும் தவராசாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த போனைச் செய்யும் நிறுவனத்தில்தான் அவர் மகள் ஜசிந்தாவுக்கு வேலை.

“வெளியில சொல்லாதேங்கோ” என்று, மகள் வீட்டில் வாய்தவறிச் சொன்ன கொம்பனிப் பெயரை எல்லாருக்கும் சொன்னார்.

திங்கட்கிழமை இணையமெங்கும் அதே பெயர். மத்தியானமே ஜசிந்தா வேலை பறிபோய் வீட்டுக்கு வந்தாள்.

“உன்னை ஏன், பிள்ளை, பிடிச்சவை? எத்தினை பேருக்குத் தெரிஞ்ச விஷயம்!”

“ஆர் வெளியில விடுகினம் எண்டு பிடிக்க, ஆளுக்கொரு பொய்ப்பெயர் சொல்லியிருக்கினம் அப்பா. இது எனக்கு மட்டும் சொன்னது.”

தவராசாவின் போன் அடித்தது.

“அண்ணை, நீங்கள் சொன்னது அப்பிடியே நியூஸில வந்திட்டுது! மகளுக்கு நன்றி சொல்லுங்கோ.”

மகளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “ஓம்.”