நாற்பத்தேழு கண்ணி

பதினோராவது தடவையாக முத்துவேலின் விரல் பவளம் டீச்சரின் விரலில் பட்டபோது, பரிமளா தன் ஊசிகளைக் கீழே வைத்துவிட்டாள். அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், உரக்கடை மாடியில், சனிக்கிழமை மத்தியானம் கம்பளி பின்னும் வகுப்பு. இந்த ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்றெல்லாம் கேட்கக் கூடாது. சும்மா பொழுதுபோக்குக்காகப் பன்னிரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பதின்மூன்றாவதாக ஒரு ஆம்பிளை வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர்தான் முத்துவேல், புள்ளலூர் வயல்களில் டிராக்டர் ஓட்டுகிறவர்.

ஸ்டியரிங் பிடித்த கைக்கு ஊசி அடங்கவில்லை. முப்பது கண்ணியில் ஆரம்பித்த மப்ளர், வரிசைக்கு வரிசை எங்கிருந்தோ கண்ணி கூடிக்கொண்டே போய், நாற்பத்தேழில் வந்து நின்றது. ஒரு முனை கோவண அகலம், மறுமுனை துண்டு அகலம்.

"டீச்சர், இங்க ஒரு ஓட்ட வுயுந்துடுச்சி" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவார். டீச்சர் வந்து குனிந்து, ஊசியோடு சேர்த்து அவர் விரலையும் பிடித்து வளைத்துவிட வேண்டியிருக்கும்.

டீச்சர் ஒன்றும் இளகின ஆள் இல்லை. பழையசீவரத்திலிருந்து பஸ்ஸில் வருவார், பின்னலைத் தவிர வேறு பேச்சே பேச மாட்டார்.

"கண்ணாடி போடாம பின்னுனா ஓட்ட வுயாம இன்னா பண்ணும்? வண்டி டேங்க் கவர்லதான் கீது, போய் எடுத்துக்கினு வாங்க!" என்று அன்றைக்கு ஒரே விரட்டு. முத்துவேல் மறுபேச்சில்லாமல் படியிறங்கி ஓடினார். நல்லா வேணும் என்று பன்னிரண்டு பேருக்கும் சந்தோஷம்.

கண்ணாடியோடு திரும்பி வந்தவரைப் பரிமளா படியிலேயே மடக்கினாள்.

"உண்மைய சொல்லுங்க சார். இங்க இன்னாத்துக்கு வர்றீங்க?"

"மப்ளர் பின்னத்தாம்மா."

"இந்த ஊர்ல எந்த ஆம்பள மப்ளர் பின்னிக்கினு கீறான்?"

முத்துவேல் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "பொம்பளைங்க செய்யிறதெல்லாம் ஒரு வேலையான்னு எங்க வூட்டாண்ட வாய வுட்டுட்டேம்மா. 'ஒரே ஒரு மப்ளர ஒயுங்கா பின்னிக் காட்டு, அப்பறம் என் கையால சோறு துண்ணலாம்'னு சொல்ட்டா. ரெண்டு மாசமா ஓட்டல் நாஷ்டாதான். வயிறு பேஜாராப் போச்சு."

பரிமளாவுக்கு அவருடைய வயிற்றைப் பற்றி அக்கறை இல்லை. கல்யாணம் ஆனவர் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

"பொண்டாட்டிய வெச்சிக்கினுதான் இங்க வந்து டீச்சர் கையப் புடிச்சிக்கினு கீறீங்களா?"

"ஐயோ, அப்பிடியில்லம்மா! இன்னும் ரெண்டே க்ளாஸு கீது. அதுக்குள்ள என்னைத் தொரத்திட்டா ஜென்மத்துக்கும் எனக்கு வூட்டு சோறு இல்ல." மனுஷனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பரிமளா முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

கண்ணாடி போட்டும் கண்ணி நழுவியது. "டீச்சர்!" என்றார் முத்துவேல். இது பன்னிரண்டாவது தடவை. இந்த முறை டீச்சர் விரலை உடனே எடுக்கவும் இல்லை, நாலு கண்ணி தாண்டுகிறவரை பிடித்தபடியே நின்றார். பயத்தில் அப்படியே உறைந்துபோய்விட்டார் என்று பரிமளா முடிவு கட்டினாள். இதற்கு மேலும் சும்மா இருந்தால் தான் பெண்ணே இல்லை என்று தோன்றியது அவளுக்கு.

நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், உரக்கட மாடியில பின்னல் க்ளாஸ் நடக்குதுல்ல, இங்க ஒரு ஆளு டீச்சராண்ட தப்பா நடந்துக்கறாரு."

"ஆளு பேர் இன்னாம்மா?"

பரிமளா விழித்தாள். டிராக்டர்காரர் என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வருகைத் தாளில் அவர் போட்ட கையெழுத்து கோழி கிளறினது போல் இருந்தது.

"என் பேரு..." என்று முத்துவேலே எழுந்தார்.

"நீ வாய மூடு!" பக்கத்து நாற்காலி சிட்டம்மாள் பத்தாம் நம்பர் ஊசியை நீட்டி அவரை உட்கார வைத்தாள்.

பரிமளா போனைக் கொண்டுபோய் டீச்சர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நீங்கதான அட்மிஷன் போட்டீங்க. பேர சொல்லுங்க டீச்சர்."

"வேணாம்மா, போன வெச்சிடு."

"எதுக்கு பயப்படறீங்க? நாங்க பன்னெண்டு பேரு கீறோம்!"

பன்னிரண்டு பேரும் டீச்சரைச் சுற்றி அரணாக நின்றுகொண்டார்கள். டீச்சருக்கு வெளியே போகவும் வழியில்லை.

"அம்மா, லைன்ல கீறீங்களா?" போலீஸ்காரர் பொறுமை இழந்தார். "பேர் சொன்னாத்தான நான் ஜீப்ப அனுப்ப முடியும்!"

பவளம் டீச்சர் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். முகமெல்லாம் சிவந்துபோய்விட்டது. ஒரு தடவை முத்துவேலைப் பார்த்துவிட்டு, போனிடம் மெல்லக் கேட்டார்:

"கட்டிக்கினவரு பேர வாயால எப்பிடி சார் சொல்றது?"