பின்னால் வந்தவர்

"அம்மா, திரும்பிப் பாக்காம நடங்க. அந்த ஆள் இன்னும் நம்ம பின்னாடியேதான் வர்றான்."

வழிகாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னான். காற்று பனித்தூளை வாரி முகத்தில் இறைத்தது. கீழே, பாதை வளைகிற இடத்தில், நீல மழைக்கோட்டு உருவம் ஒன்று தடியை ஊன்றி நின்றது. இவர்கள் நின்றால் அதுவும் நிற்கும்; நடந்தால் நடக்கும்.

"வரட்டுமே. பாதை என்ன நம்ம பாட்டன் சொத்தா?" என்றாள் அந்த அம்மாள்.

ஐம்பதைத் தாண்டியவள், மலையேறிப் பழக்கமில்லாதவள், தன்னந்தனியாக இந்தப் பாழாய்ப்போன பருவத்தில் பேஸ் கேம்ப்புக்குப் போகணும் என்று வந்து நின்றபோதே வழிகாட்டிக்கு மனசு கேட்கவில்லை. வழியெல்லாம் அவள் வாயைத் திறந்ததே அபூர்வம். அடிக்கொருதரம் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குவதை மறைக்கிறாள் போலிருக்கிறது என்று அவனும் கண்டுகொள்ளாமல் நிற்பான்.

நேற்று மாலை விடுதிக்கும் அந்த ஆள் வந்து சேர்ந்தான். கூடத்தில் ஒரே ஓர் அடுப்பு. எல்லாரும் அதைச் சுற்றி உட்கார, அவன் மட்டும் முகத்தை மஃப்ளரால் மூடிக்கொண்டு, குளிர் அடிக்கிற கதவோரத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"ரூம் கதவைத் தாழ் போட்டுக்குங்கம்மா."

"எடுத்துட்டுப் போக எங்கிட்ட என்ன இருக்கு?"

இன்று எப்படியும் அவனைக் கழற்றிவிடுவது என்று வழிகாட்டி தீர்மானித்துவிட்டான். மூடுபனி இறங்கி, முன்னால் போகிறவர் முதுகே தெரியாத நேரம் பார்த்து, அவளைக் குறுக்குப் பாதையில் ஏற்றி விறுவிறுவென்று நடத்திக்கொண்டு போனான். பாறை இடுக்கில் ஒதுங்கித் திரும்பிப் பார்த்தால், நீலக் கோட்டைக் காணோம்.

"அப்பாடா, சனியன் விட்டுது!"

அவள் முகம் வெளிறிவிட்டது. "போய்க் கூட்டிட்டு வாங்க."

"அந்த ஆளையா? வேலியில போற ஓணானை எதுக்கும்மா எடுத்து மடியில விட்டுக்கணும்?"

"யாரா இருந்தா என்ன? இந்த மலைக்கு இன்னொரு உயிரைக் குடுக்கணுமா? அவர் வராம நான் இங்கேருந்து அசையமாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே வந்த வழியில் இறங்கினான். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. வழி பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பள்ளத்தின் விளிம்பில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தான். இன்னும் ரெண்டடி வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

மஃப்ளர் நழுவியிருந்தது. கிட்டத்தில் பார்த்தால் அறுபது வயசு மனிதர். உதடு நீலம் பாரித்து, கைகள் வெடவெடத்தன. வழிகாட்டியின் பயம் கோபமாக வெளியே வந்தது. அவரைத் தூக்கி நிறுத்தி, ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீரை நீட்டினான்.

"குடி. வயசுக்கேத்த மாதிரி நடந்துக்கக் கூடாதா? எதுக்குய்யா அந்தம்மா பின்னாடியே அலையறே?"

அவர் வெந்நீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாரே தவிர, குடிக்கவில்லை.

"காலையிலேர்ந்து அவ ஏதாவது சாப்பிட்டாளா?"

"அவளா? யாருய்யா நீ?"

அவர் மேலே, முகாம் இருக்கிற திசையைப் பார்த்தார். வெள்ளையைத் தவிர அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"எங்க ஒரே பொண்ணு, போன வருஷம் அங்க ஏறப் போனா. பனிச்சரிவு. இன்னும் கிடைக்கலை. அவ அம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டா, போகவேண்டாம்னு. நான்தான் போயிட்டு வாம்மான்னு அனுப்பி வெச்சேன்."

வெந்நீரை அப்படியே வழிகாட்டியிடம் திருப்பி நீட்டினார்.

"அன்னிலேர்ந்து என் பொண்டாட்டி என்கூடப் பேசறதில்ல, தம்பி."