முதலாளியின் சளி

வசந்தாமணி மிளகைத் தட்டிக் கஷாயத்தில் போட்டாள்.

எதிர்ப் பட்டறை முதலாளி தீனதயாளனுக்கு இந்த வாரம் முழுக்கச் சளி. மாஸ்க்கைக் கழற்றுவதே இல்லை. பார்க்கவே பாவமாக இருந்தது அவளுக்கு.

பள்ளிபாளையத்துத் தறிச் சந்தில் அவள் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். பேர்தான் கடை, மேலே தகரம், கீழே இரண்டு பெஞ்சு. ஆனால் ஆராயி வீட்டு எருமைப் பாலும் ஆற்றோரத்துக் கீரையும் இங்கேதான் விலை போயின. முக்கு மளிகைக்காரர் தன் பெண்ணுக்குத் தோடு எடுத்ததுகூட இந்தக் கடைக்குப் பருப்புப் போட்டுத்தான். எதிரே தறி ஓடினால் இத்தனை வீட்டிலும் அடுப்பு எரியும்.

காலையில்தான் புது கிரைண்டர் வந்து இறங்கியிருந்தது. மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தாள். இன்னும் தறி போடப் போகிறேன், ஆள் கூடும், பெரிதாகவே வாங்கு என்று போன மாதம் சொன்னவர் தீனதயாளன்தான்.

அவர் சொன்னால் நம்பலாம். முதலாளி ஆவதற்கு முன்னால், அவளும் தறி ஓட்டிய காலத்தில், அவளுக்குப் பக்கத்துத் தறியில் நின்று ஓட்டியவர்.

அந்தத் தறிச் சத்தத்தில் காது இருப்பது கம்மல் போட மட்டும்தான். உதட்டைப் பார்த்தே எல்லோரும் பேசிக்கொள்வார்கள். சண்டை, கேலி, கல்யாணப் பேச்சு எல்லாமே அப்படித்தான் நடக்கும். மற்ற ஊர்களில் ரகசியம் என்றால் குரலைத் தாழ்த்துவார்கள். இங்கே வாயைப் பொத்துவார்கள்.

கஷாயம் கொதித்தபோது பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் வெளியூர்க்காரர். தறிச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்தினார்.

தீனதயாளன் அவரை வாசலிலேயே நிறுத்தி, மாஸ்க்கோடு பேசினார்.

வந்தவருக்கு மாஸ்க் இல்லை. இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று வாயை நன்றாகத் திறந்து கத்தினார். பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தறிக்காரர்கள் பட்டறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வசந்தாமணி மட்டும் அந்த உதட்டைப் பார்த்தாள்.

தறி பூராவும் பழைய இரும்பு எடைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை லாரி வரும். அதுவரை ஆட்களுக்குத் தெரிய வேண்டாம்.

தீனதயாளன் தலையை ஆட்டினார்.

வெளியூர் உதடு, நாம்தான் தப்பாகப் படித்திருப்போம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

கார் போனதும் அவர் எப்போதும்போலச் சந்தின் குறுக்கே நடந்து வந்தார். டம்ளரை வாங்கினார். சுவர்ப் பக்கம் திரும்பி, மாஸ்க்கை இறக்கி, ஒரே மூச்சில் குடித்தார். ஒரு செருமல் இல்லை, மூக்கை உறிஞ்சவும் இல்லை.

அவர் திரும்பியதும், வசந்தாமணி சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

“ஏனுங்ணா, ஞாயித்துக்கெழம லாரி எதுக்குங்க வருது?”

அவர் முதலில் மாஸ்க்கை ஏற்றினார். அப்புறம்தான் பதில் சொன்னார்.

துணி அசைந்தது. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போகிற போக்கில் புது கிரைண்டரைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பெஞ்சிலிருந்த சண்முகவேல் அவள் முகத்தைப் பார்த்தான். அவனுடைய தறியும் எதிரேதான், அவன் மனைவி நர்மதாவின் தறியும் எதிரேதான்.

“மொதலாளி என்னக்கா சொல்றாரு?”

சொல்லிவிடத்தான் நினைத்தாள். கிரைண்டரில் மஞ்சள்கூட இன்னும் காயவில்லை. வந்த அழுகையை அடக்க முடியாமல், முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.